பாதையில் பதினோரு மரம்

நவம்பர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். காப்பிச் செடிகளில் முதல் பழம் சிவந்துவிட்டது. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் லாக் புக் எழுதிய கை, ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிலோமினா வெள்ளிக்கிழமை திண்டுக்கல் போகிறாள். தோழி செலின் அங்கே தையல் வகுப்பு நடத்துகிறாள். பத்து நாள் கூட இருந்து உதவிவிட்டு வருவாள். ஜீப்புக்குச் சொல்லியாகிவிட்டது. நாலு அட்டைப்பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். தையல் மெஷினைத் தலை வேறு ஸ்டாண்ட் வேறாகக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றியிருக்கிறாள். பத்து நாளைக்கு மெஷின் எதற்கு என்று கேட்கவில்லை. சர்வீஸுக்குக் கொடுப்பாளாக இருக்கும்.

நவம்பர் 16, வியாழன்

மதியத்திலிருந்து காற்று. மலைக்கு இது வழக்கமான காற்று இல்லை. புயல் கடலோரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது என்று ரேடியோ சொல்கிறது. கரண்ட் 3.40க்குப் போனது. ஓடுகள் மேல் கல் ஏற்றினேன். பிலோமினா பெட்டிகளைக் கட்டில் மேல் தூக்கி வைத்தாள்.

நவம்பர் 17, வெள்ளி

வீடு தப்பியது. ஓடு இருபது, முப்பது போயிருக்கும்.

விடிந்ததும் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். நாலு ஏக்கரில் பாதி மரம் படுத்துவிட்டது. நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக ஒரே திசையில் கிடக்கின்றன. வானம் இத்தனை பெரியது என்று இந்தத் தோட்டத்தில் இன்றைக்குத்தான் தெரிந்தது. வெளிச்சத்தில் கண் கூசுகிறது.

வீட்டிலிருந்து தார் ரோடு வரை நம் மண்பாதை அறுநூறு மீட்டர். அதன் குறுக்கே பதினோரு மரம். கம்பத்துக்கு நம்பர் போடுவதுபோல வீட்டுப் பக்கமிருந்து நம்பர் போட்டேன். ஏழு சில்வர் ஓக், இரண்டு கல்யாண முருங்கை, ஒரு நாவல். பதினோராவது பலா, தார் ரோட்டுக்கு முப்பது அடி முன்னால். வேரோடு பெயர்ந்து கிடக்கிறது. வேர்த்தட்டு மட்டும் என் உயரம். பாதையின் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சரிவு. சுற்றிப் போக வழியில்லை. எனக்கே ஏறிக் குதித்துப் போய்வர முக்கால் மணி நேரம் ஆனது. பிலோமினாவின் இடது முட்டி ரொம்ப நாளாகவே சரியில்லை, வயசுக் கோளாறு. அவளால் முதல் மரத்தையே தாண்ட முடியாது.

தார் ரோட்டிலும் கண்ணுக்கு எட்டியவரை மரம்தான்.

திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். "ஜீப் வராது. ரோடே இல்லை."

"எத்தனை நாள் ஆகும்?"

"சொல்ல முடியாது பிலோமி. பெரிய வேலை."

முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பெட்டியைப் பிரித்து இரண்டு தட்டும் ஒரு சட்டியும் வெளியே எடுத்தாள்.

உடம்பில் ஒரு சுறுசுறுப்பு. ரொம்ப நாளாக இப்படி இல்லை.

நவம்பர் 18, சனி

வேலை ஆரம்பம். முதலில் காப்பிக்குள் விழுந்த மரங்களை எடுப்பது என்று முடிவு செய்தேன். பழம் எடுக்கும் சமயம். ஒரு மரம் ஐந்து செடியை அமுக்கிக்கொண்டிருக்கிறது. செடி செத்தால் மறுபடி காய்க்க நாலு வருஷம் ஆகும். பாதை எங்கேயும் ஓடிப்போகாது.

செயின் சா நன்றாக ஓடுகிறது. ஐந்து மரத்தின் கிளைகளைக் கழித்துவிட்டேன்.

மதியம் சாப்பிடும்போது பழைய கதை சொன்னேன். நாகப்பட்டினம் பக்கம் வேலை பார்த்தபோது வந்த புயல். மகள் ஆக்னெஸுக்கு அப்போது இரண்டு வயசு. பத்தொன்பது நாள் வீட்டுக்கே போகாமல் கம்பத்திலேயே கிடந்தோம். முந்நூற்றுப் பத்துக் கம்பம் நட்டோம். ஆஸ்பத்திரிக்கு லைன் கொடுத்தபோது ஜனங்கள் கைதட்டினார்கள். மேடையில் ஏற்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தப் புயலில் எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறை மேலும் ஒரு பூவரசு விழுந்தது. அது எனக்கு வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும்.

பிலோமினா இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இன்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாதிக் கதை சுவருக்குத்தான் சொன்னேன்.

நவம்பர் 19, ஞாயிறு

பூசைக்குப் போக முடியவில்லை. அவள் ஜெபமாலையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் செயின் சா மெஷினைத் துடைத்து, ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தேன். ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

சாயங்காலம் கேட்டாள். "பாதைப் பக்கம் எப்ப ஆரம்பிப்பீங்க?"

"மெஷின் ஓட மாட்டேங்குது."

அது பொய் இல்லை. ப்ளக் இல்லாத மெஷின் ஓடாது.

நவம்பர் 20, திங்கள்

அரிவாளால் காப்பிக்குள் கிளை வெட்டினேன். கை கொப்பளித்துவிட்டது.

நவம்பர் 21, செவ்வாய்

வீரணன் வந்தான். பக்கத்து ஊர்ப் பளியர் குடியிருப்பு. நமக்கு மிளகுக்கொடி ஏறிப் பறித்துக் கொடுப்பவன், நாற்பது வயசு இருக்கும். பதினோரு மரத்தையும் தாண்டி, சட்டையில் ஒரு இலைகூட ஒட்டாமல் வந்து நின்றான்.

"என்ன ஈபி சார், பாதையில கையே வைக்கலையே?"

"மெஷின் ரிப்பேர்."

"ஆள் வேணும்னா நாலஞ்சு நாள் போகட்டும் சார். எல்லாத் தோட்டத்துலயும் மரம் படுத்துக் கெடக்கு. நாளைக்குத் தார் ரோடு திறந்துருவாங்க. நாளை மறுநாள் பஸ்ஸு வந்துரும்."

அவன் சத்தமாகப் பேசுகிறவன். அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போய்ப் பேசினேன்.

வீட்டுக்குள் வந்ததும் பிலோமினா, "வீரணன் என்ன சொன்னான்?" என்றாள்.

"அவன் வீட்டுக் கூரை போயிருச்சாம்" என்றேன். அதுவும் சொன்னான்தான்.

நவம்பர் 23, வியாழன்

காலை 8.20க்குக் கீழேயிருந்து பஸ் ஹாரன். மூன்று தடவை. வளைவில் எப்போதும் அடிப்பான்.

பிலோமினா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே கொடியில் நின்றது. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. மிச்சத் துணியையும் போட்டு முடித்து, கிளிப் மாட்டி, வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

நான் காப்பிக்குள் போய்விட்டேன். பதினொரு மணி இருக்கும், பாதைப் பக்கம் ரம்பச் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம்.

போய்ப் பார்த்தேன். முதல் மரத்தின் கிளைக்குள் ஒரு முக்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கைரம்பத்தால் மணிக்கட்டு அளவு கிளையை அறுத்துக்கொண்டிருக்கிறாள். தலையில் துண்டு. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

நான் மறைவிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரு வேலையும் ஓடவில்லை. அந்தச் சத்தம் மதியம் ஒரு மணிக்குத்தான் நின்றது. அறுத்தது ஏழு கிளை. எண்ணினேன்.

நவம்பர் 24, வெள்ளி

அவள் ஒன்பது கிளை. நான் காப்பிக்குள் சும்மா நடந்தேன்.

நவம்பர் 25, சனி

தாங்க முடியவில்லை. பத்து மணிக்குச் சாமான் அறையில் தேடிப் பெரிய இழுப்பு ரம்பத்தை எடுத்தேன். நமக்கு முன்னால் தோட்டம் வைத்திருந்தவர் விட்டுப்போனது. ஐந்தடி நீளம், இரண்டு முனையிலும் கைப்பிடி. ஒரு ஆளால் இழுக்க முடியாது. துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டுப் பாதைக்குக் கொண்டு போனேன்.

அவள் முக்காலியில் இருந்தபடியே ரம்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பத்து நிமிஷம் பல் மாட்டி மாட்டி நின்றது.

"தள்ளாதீங்க" என்றாள்.

"நான் எங்க தள்றேன்?"

"தள்றீங்க. நான் இழுக்கும்போது கையைத் தளர விடுங்க. ரம்பம் தானா என் பக்கம் வரும். நீங்க இழுக்கும்போது நான் விடுறேன்."

"மரம் அறுக்க நீ எங்க படிச்ச?"

"எங்க அப்பா மரக்கடையில வேலை பார்த்தாரு. சின்ன வயசுல நானும் அண்ணனும்தான் இழுப்போம். கல்யாணத்துக்கு முந்தியே சொன்னேனே."

எனக்கு நினைவில்லை. முப்பத்து நாலு வருஷம்.

அதற்குப் பிறகு ரம்பம் ஓடியது. மரத்தூள் ஈரமாக, ரவை மாதிரி கொட்டியது. ஒன்று, இரண்டு, மூன்றாம் நம்பர் மரங்கள் முடிந்தன. நெம்புகோல் போட்டு உருட்டிச் சரிவில் தள்ளினோம். துண்டு உருண்டு போய்க் கீழே எதிலோ மோதும் சத்தம் கேட்டு அவள் சிரித்தாள். இந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகு அவள் சிரித்தது எனக்குக் கணக்காகத் தெரியும், ரொம்பக் கொஞ்சம்.

இந்த இடத்தை வாங்கியதை, பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவளிடம் சொன்னேன். நல்ல விஷயத்தைத் திடீரென்று சொல்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே என்று நினைத்தேன். அன்றைக்கு அவள் "அப்படியா" என்றாள்.

நவம்பர் 26, ஞாயிறு

ஞாயிறு என்றும் பார்க்காமல் அறுத்தாள். நான்கு, ஐந்து. நாவல் வைரம் பாய்ந்த மரம், ஒன்றரை மணி நேரம் எடுத்தது. சாப்பாட்டைப் பாதைக்கே கொண்டுவந்தாள். அறுத்த அடிமரத்தில் உட்கார்ந்து, ரசமும் சுட்ட அப்பளமும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மிச்சம் ஆறு. வேலை ரொம்ப வேகமாகப் போகிறது.

நவம்பர் 27, திங்கள்

காலையில் காப்பித் தம்ளர் பக்கத்தில் ஸ்பார்க் ப்ளக் இருந்தது. சட்டையைத் துவைக்க எடுத்திருக்கிறாள்.

காப்பி சூடாக இருந்தது. குடித்தேன். ப்ளக்கை எடுத்துப் போய் மெஷினில் மாட்டினேன். இரண்டாவது இழுப்பிலேயே ஓடியது.

ஆறு, ஏழு, எட்டு. நான் மெஷினில் அறுக்க, அவள் தனியாகச் சின்னக் கிளை, மிலாறுகளை அடுக்கினாள். மெஷின் சத்தத்தில் பேச முடியாது. மதியச் சாப்பாடு வீட்டில். எனக்குத் தட்டில் போட்டு மூடி வைத்திருந்தாள்.

நவம்பர் 28, செவ்வாய்

ஒன்பது, பத்து. பத்தாவது பாதி சாய்ந்து இன்னொரு மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டி இழுத்து இறக்கினேன். அவள் பாறை மேல் ஏறிப் போனில் சிக்னல் பிடித்து ஆக்னெஸிடம் பேசினாள். காற்றில் பாதிதான் கேட்டது. "இல்லம்மா, அப்பா நல்லாத்தான் இருக்காரு. மரம் வெட்டுறாரு." பிறகு, "சனிக்கிழமை." பிறகு, "வருத்தம்தான். இருந்தாலும் போகணும்."

பலா மட்டும் பாக்கி.

நவம்பர் 30, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. காலை நீட்டி வைத்துக்கொண்டு இப்போது எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

நேற்றுக் காலை பலாவை ஆரம்பித்தேன். எப்படி அறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். புயல் வேலையில் ஆயிரம் மரம் பார்த்தவன். மேட்டுப் பக்கம் நின்று அறுக்க வேண்டும், கல் முட்டுக் கொடுத்துவிட்டு அறுக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. மனசு ஒரு இடத்தில் இல்லை. சனிக்கிழமை, சனிக்கிழமை என்று ஓடிக்கொண்டிருந்தது. நடுத்துண்டு கழன்றதும் அப்படியே உருண்டு வந்தது. மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டுக் குதித்தேன். வலது கால் மாட்டிக்கொண்டது. பாதையோர மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவில், கணுக்கால் வரை. மண் நனைந்து இளகியிருந்ததால் கால் பிழைத்தது. உருவ மட்டும் முடியவில்லை. துண்டு இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

பிலோமினா பத்தாம் நம்பர் பக்கம் மிலாறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கத்தியதும் வந்தாள். அந்த முட்டியோடு ஓடி வந்தாள். முதலில் ஒரு கல்லை உருட்டி வந்து மரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். இன்னொரு கல். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அசையாதீங்க. அசைஞ்சா இன்னும் இறங்கும்."

"வீரணனைக் கூப்பிடு."

"அவன் கீழ்த்தோட்டத்துல இருக்கான். நான் நடந்து போய்க் கூட்டிட்டு வர ஒரு மணி நேரம் ஆயிரும். அதுக்குள்ள தோண்டிரலாம்."

களைக்கொத்தை எடுத்து, தரையில் உட்கார்ந்து, என் காலுக்கு அடியில் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் கையூன்றிச் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலியைவிட, அவள் கொத்தும் சத்தம்தான் தாங்க முடியாமல் இருந்தது. ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை.

"பிலோமி, அந்தப் புயல்ல நம்ம வீட்டு மேல மரம் விழுந்தது எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்."

அவள் கொத்துவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். ஹெல்பர் சந்தனசாமி அண்ணன் வந்து பார்த்துட்டு உங்ககிட்ட சொன்னாருல்ல? சொல்லிட்டுத் திரும்பி வந்து எங்கிட்டயும் சொன்னாரு. 'அண்ணங்கிட்ட சொல்லிட்டேன் தங்கச்சி, இப்ப வந்துருவாரு'ன்னு. உத்திரம் விழுந்து முட்டி வீங்கிப் போயிருந்துச்சு. பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு அன்னைக்கு இருட்டற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். மறுநாளும்."

அண்ணாந்திருந்த தலையைத் தாழ்த்தி அவள் கையைப் பார்த்தேன்.

"கண்ணுல மண்ணு விழும். அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

திரும்பிக்கொண்டேன். "ஏன் இத்தனை வருஷமா கேக்கலை?"

"கேட்டா நீங்க ஒரு பொய் சொல்லுவீங்க. அப்புறம் நான் அதை நம்பற மாதிரி நடிக்கணும். எனக்கு ரெண்டு வேலை."

"அதுக்காகத்தான் போறியா?"

"அதுக்காகப் போறதா இருந்தா முப்பத்தோரு வருஷம் முந்தியே போயிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "எனக்கு அங்க வேலை இருக்குங்க. கதவைத் திறந்தா தெருவுல நாலு பேர் பேசுற சத்தம் கேக்கும். இங்க மூணு வருஷமா நீங்க மரத்தோட பேசுறீங்க, நான் சுவத்தோட பேசுறேன். உங்க மேல கோவமில்லை. கோவமா இருந்தா இப்படித் தோண்டுவேனா?"

அரை மணி நேரம் தோண்டினாள். காலுக்குக் கீழே பள்ளம் விழுந்ததும் பூட்ஸை அப்படியே விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவினேன். கணுக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. விரல்கள் அசைந்தன. எலும்பு முறியவில்லை என்று அவளே தடவிப் பார்த்துச் சொன்னாள். அவள் தோளில் கை போட்டு அறுநூறு மீட்டரும் நடந்து வந்தேன். அவள் இடது காலில் நொண்ட, நான் வலது காலில் நொண்ட.

இனி இந்தப் புத்தகத்திலும் ஒழுங்காக எழுத வேண்டும். அன்றைக்குக் குவார்ட்டர்ஸ் நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். சைக்கிள் இருந்தது. மேலதிகாரியிடம் கேட்டிருந்தால் இரண்டு மணி நேரம் விட்டிருப்பார். நான் கேட்கவில்லை. கம்பத்தின் மேலே நான் இருந்தேன். கீழே ஊரே நின்று என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. இறங்க மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் கிடையாது.

அவள் போவது பத்து நாளைக்கு என்பதும் கிடையாது. செலின் வீட்டுப் பக்கம் வாடகைக்கு ஒரு அறை பார்த்து, அதன் சாவி ஒரு மாதமாக அவள் பர்ஸில் இருக்கிறது. எனக்கும் ஒரு மாதமாகத் தெரியும்.

டிசம்பர் 1, வெள்ளி

வீரணனும் அவன் மச்சானும் வந்து பலாவை முடித்துவிட்டார்கள். படுத்திருந்த இடத்திலிருந்தே மெஷின் சத்தம் கேட்டேன். பன்னிரண்டு மணிக்கு நின்றது. பாதை திறந்துவிட்டது.

பிலோமினா மஞ்சள் பற்றுப் போட வந்தாள். காலை அழுத்திப் பார்த்தாள்.

"வலி எப்படி இருக்கு?"

வலி நிறைய இருந்தது. ஊன்றினால் உச்சந்தலை வரை ஏறுகிறது. அவள் முகத்தைப் பார்த்தேன். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பயந்துகொண்டு நின்றாள். நான் 'வலிக்குது' என்றால் ஜீப்பை நிறுத்திவிடுவாள். ஒரு வாரம் இருப்பாள். பிறகு இன்னொரு வாரம் இருப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாயில் வார்த்தைகூட வந்துவிட்டது.

எழுந்தேன். ஊன்றும் கம்பை எடுக்காமல் சமையலறை வரை நடந்து, பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, திரும்பி நடந்து வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு அடி போக, பன்னிரண்டு அடி வர.

"வலியே இல்லை. நாளைக்கு ஜீப் வரச் சொல்லு" என்றேன்.

நெற்றியில் வேர்த்திருக்க வேண்டும். அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

டிசம்பர் 2, சனி

ஜீப் 9.10க்கு வந்தது. நாலு பெட்டி, மெஷின் தலை, ஸ்டாண்ட், ஒரு பாய். டிரைவரோடு சேர்ந்து நானே ஏற்றினேன். மெஷின் தலையைக் காலடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "மாத்திரையை மறக்காதீங்க" என்றாள். "சரி" என்றேன். ஜீப் போய்விட்டது.

டிசம்பர் 3, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை.

டிசம்பர் 4, திங்கள்

கரண்ட் வந்தது. மாலை 5.15. இந்தத் தடவை நான் கீழே நின்று பார்த்தேன். கம்பத்தில் ஒரு சின்ன வயசு வயர்மேன். அவனுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வந்ததா, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நல்லாருக்காங்க சார்" என்றான்.

டிசம்பர் 5, செவ்வாய்

சோறு அடிபிடித்துவிட்டது. காப்பிப் பழம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். எழுந்து எழுந்து பாதை வரை போய்விட்டு வருகிறேன். பாதையில் ஒன்றும் இல்லை. சுத்தமாக இருக்கிறது.

டிசம்பர் 7, வியாழன்

வீரணனிடம் கேட்டேன். "நான் மரத்தோட பேசுறேனா?"

"ஆமா சார். முன்னாடி ஒரு மாதிரி இருந்துச்சு. இப்பப் பழகிருச்சு" என்றான்.

டிசம்பர் 8, வெள்ளி

சொல்லாமல் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வத்தலக்குண்டு, அங்கிருந்து திண்டுக்கல். ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் தையல் வகுப்பு. படியிலேயே பெண்கள் பேச்சுச் சத்தம். உள்ளே எட்டு பேர் உட்கார்ந்திருக்க, பிலோமினா கழுத்தில் டேப்போடு நடுவில் நின்று ரவிக்கைக் கைக்குழி வெட்டக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது. வீட்டில் நான் கேட்காத குரல்.

வாசலில் என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. "கிளாஸ் முடிய ஒரு மணி நேரம் ஆகும். உக்காருங்க" என்று ஒரு நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு பெண்ணிடமாகப் போய்க் குனிந்து பார்ப்பது தெரிந்தது.

முடிந்ததும் பக்கத்திலிருந்த அவள் அறைக்குக் கூட்டிப் போய்ச் சாப்பாடு போட்டாள். ஒரு அறை, ஒரு அடுப்படி. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுப் பையனின் பாட்டு.

"கால் எப்படி இருக்கு?"

"அன்னைக்கு வலிச்சுச்சு" என்றேன். "ரொம்ப வலிச்சுச்சு."

"தெரியும்."

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. இப்படி ஒன்றை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"அடுத்த வாரமும் வரலாமா பிலோமி?"

தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"ஞாயித்துக்கிழமை வேணாம், கோயில்ல மீட்டிங் இருக்கு. புதன் வாங்க. மூணு மணிக்கு மேல. அதுக்கு முந்தி வராதீங்க, பிள்ளைங்க கூச்சப்படுதுங்க."

டிசம்பர் 13, புதன்

திண்டுக்கல். ஜவுளிக்கடைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் சீக்கிரம் கொண்டுவந்து விட்டுவிட்டது. வரும்போது மணி 2.10.

2.30. இரண்டாவது டீ. இரண்டு தடவை எழுந்துவிட்டேன். கடைக்காரர், "யாருக்காகங்க வெயிட்டிங்?" என்றார். "வீட்டம்மாவுக்கு" என்றேன். "கூப்பிட வேண்டியதுதானே" என்றார்.

2.55. ஜன்னலில் அவள் ஒரு தடவை தெரிந்தாள். துணியை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கையைக் காட்டவில்லை.

3.05. பெண்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். சிரித்துப் பேசிக்கொண்டு, படியிலேயே நின்று நின்று, மெதுவாகத்தான் இறங்குகிறார்கள். கடைசிப் பெண்ணும் இறங்கிப் போகட்டும். அப்புறம் ஏறலாம்.